பார்வையிடுவது பயிற்சி ஆகுமா?



இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப் போகும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் பகுதிநேரச் சிறப்புப் பயிற்றுநராகச் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். தமிழ்ப்பள்ளியில் 19 ஆண்டுகள், இடைநிலைப்பள்ளியில் 12 ஆண்டுகள் எனக் கரும்பலகையோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்தப் பணி ஒரு பேறு. ஆகவே, இங்கு நான் எழுதப்போவது என் சொந்தக் குறை அன்று. நம் பிள்ளைகளுக்குப் படிவம் ஒன்று முதல் ஐந்து வரை தமிழ் சொல்லித் தரப்போகிறவரை நாம் எப்படி உருவாக்குகிறோம் என்பது பற்றிய வழக்கு இது.

வழக்கின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி ஆசிரியர்களை நாம் பார்வையிடுகிறோம்; மதிப்பெண் போடுகிறோம்; ஆனால், பயிற்றுவிப்பதில்லை. பாடத்தை அறிந்த பயிற்றுநரை வந்துபோகும் விருந்தாளியாகவே வைத்திருக்கும் வரையில் பயிற்றுவிக்கவும் முடியாது.

தமிழாசிரியர் ஒரு தனியாள்

நிலைமையை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆனால், தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசு இடைநிலைப்பள்ளி ஒன்றுகூட இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மலாய்மொழியில் கற்பிக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குத்தான் செல்கிறார்கள். அங்கே தமிழ் பல பாடங்களுள் ஒன்று. அதுவும் கேட்டுப் பெற வேண்டிய பாடம். குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம்.

இதன் விளைவு என்ன? பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழாசிரியர் ஒருவரே இருக்கிறார். கணித ஆசிரியருக்கு ஐயம் வந்தால் பக்கத்து மேசையில் இன்னொரு கணித ஆசிரியர் உண்டு. மலாய்மொழி ஆசிரியர்களுக்கு ஒரு பெரும் குழுவே உண்டு. தமிழாசிரியருக்கோ ஆசிரியர் அறையில் தம் பாடத்தைப் பற்றிப் பேச ஆளில்லை. சில பள்ளிகளில் தமிழ் வகுப்பு வழக்கமான பாட அட்டவணைக்கு வெளியே, மற்ற மாணவர்கள் வீடு திரும்பிய பின்னர்தான் நடக்கிறது.

இத்தகைய பள்ளிக்குத்தான் நம் பயிற்சி ஆசிரியர் கற்பித்தல் பயிற்சிக்காகப் போகிறார். அவருக்கு வழிகாட்டி ஆசிரியராக அமையும் அந்த ஒற்றைத் தமிழாசிரியர் வேறு பாடங்களையும் கற்பிப்பார். புறப்பாட நடவடிக்கைகளையும் கவனிப்பார். பயிற்சி ஆசிரியரோடு அமர்ந்து பேச அவருக்கு எந்தப் பாடவேளையும் ஒதுக்கப்படுவதில்லை. தமிழே அறியாத வரலாற்று ஆசிரியர் வழிகாட்டியாக அமர்த்தப்பட்டதையும் நான் கண்டிருக்கிறேன். இந்நிலையில், தமிழையும் தமிழ் கற்பித்தலையும் அறிந்து வெளியிலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒருவரே அந்த இளம் ஆசிரியருக்குத் துணை. அந்தத் துணையைத்தான் நாம் மிகமிகச் சிக்கனமாகச் செலவிடுகிறோம்.

வகுப்பில் நான் கண்டது

படிவம் இரண்டில் ஓர் இலக்கண வகுப்பு. பயிற்சி ஆசிரியை ஊக்கமானவர், குரல்வளம் மிக்கவர். பின்வரிசையில் நானும், அவர் பயின்ற நிறுவனத்தின் முழுநேர மேற்பார்வையாளர் ஒருவரும் அமர்ந்திருந்தோம். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது.

'வினையெச்சத்தின் பின் வலிமிகும்' என்ற விதி வண்ண எழுத்துகளில் திரையில் தோன்றியது. படித்துப் பார்த்தான், கேட்டுச் சொன்னார், எடுத்துக் கொடுத்தாள் என எடுத்துக்காட்டுகள். எல்லாமே சரிதான். அப்போது ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், அப்படின்னா 'வந்துப் போனான்'னுதானே எழுதணும்?" என்று கேட்டான். மிக நல்ல கேள்வி. ஆசிரியை சற்றும் தயங்காமல், "ஆமாம், அப்படித்தான்" என்று சொல்லி அதையும் வெண்பலகையில் எழுதினார். வகுப்பு கைதட்டியது.

மேற்பார்வையாளரின் மதிப்பெண் தாளில் வகுப்புக் கட்டுப்பாடு, தொழில்நுட்பப் பயன்பாடு, மாணவர் பங்கேற்பு ஆகிய அனைத்துக்கும் உயர்ந்த புள்ளிகள். பாடப்பொருள் தெளிவுக்கும் அப்படியே! மாணவன் கேட்டதும் உடனே விடை வந்ததல்லவா? அவரை நான் குறைசொல்லவில்லை. சீனமொழி வகுப்பில் என்னை அமர்த்தியிருந்தால் நானும் அவ்வாறுதான் புள்ளி போட்டிருப்பேன். ஆனால், அன்று அந்த வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளும் ஒரு பிழையை விதியென நம்பி வீட்டுக்குப் போனார்கள். பிழையைக் கற்பித்தவருக்கோ பாராட்டு கிடைத்தது.

வகுப்பு முடிந்ததும் சிற்றுண்டிச்சாலையில் அவரோடு 40 நிமிடம் அமர்ந்தேன். அவருக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. குற்றியலுகரத்தின் ஆறு வகைகளையும் கேட்டவுடன் ஒப்புவித்தார். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலிமிகும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவு ஓர் அறையிலும், வகுப்பில் எடுத்த பாடம் வேறோர் அறையிலும் கிடந்தன. இடையே கதவு இல்லை; அவ்வளவுதான்.

நான் விதியை விளக்கவில்லை. ஒரு தாளை இரண்டு பத்தியாக மடித்துக் கொடுத்தேன். படித்து, கேட்டு, கற்று ஆகியவை ஒரு பக்கம். வந்து, நின்று, உண்டு, செய்து, தொழுது ஆகியவை மறுபக்கம். "கடைசி எழுத்துக்கு முன் என்ன நிற்கிறது, பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். மூன்றே நிமிடத்தில் கண்டுகொண்டார். முதல் பத்தியில் வல்லின மெய் நிற்கிறது, அங்கே வலிமிகுகிறது. மறுபத்தியில் மெல்லினமோ இடையினமோ உயிர்மெய்யோ நிற்கிறது, அங்கே மிகுவதில்லை. ஆகவே 'படித்துப் பார்த்தான்' சரி. 'வந்து போனான்' சரி. 'வந்துப் போனான்' பிழை. அடுத்த வாரம் அதே தாளை மாணவர்களின் கையில் கொடுத்தார். விதியை அவர்களே சொன்னார்கள்.

பயிற்சி என்பது அந்த 40 நிமிடம்தான். அதற்கு முந்தைய ஒரு மணிநேரம் வெறும் பார்வை. ஆனால், என் பணி ஒப்பந்தத்தில் பார்வைக்கு இடமுண்டு. நிரப்பிய மதிப்பெண் தாளுக்கு இடமுண்டு. அந்த 40 நிமிடத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

'கற்பிக்கத் தெரிந்தால் போதும்' என்போருக்கு

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் மறுப்பு ஒன்றுண்டு. "நல்ல கற்பித்தல் எல்லாப் பாடத்துக்கும் பொதுதானே! கல்வியியல் அறிந்தவர் எந்த வகுப்பையும் மதிப்பிடலாமே!"

பாதி உண்மை. பாதி உண்மைதான் மிகுந்த கேடு செய்வது. அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷூல்மன் 1986இலேயே இந்தப் பாதியைச் சுட்டிக்காட்டினார். பாடத்தை அறிவது ஒன்று. பொதுவாகக் கற்பிக்க அறிவது மற்றொன்று. குறிப்பிட்ட பாடத்தின் குறிப்பிட்ட பகுதியை, அதில் மாணவர் எங்கே தடுமாறுவர் என்று அறிந்து கற்பிக்கும் அறிவு இவ்விரண்டினும் வேறான ஒன்று என்றார். ல, ள, ழ மயக்கம் எங்கிருந்து வருகிறது, வீட்டில் பேசும் தமிழுக்கும் கட்டுரையில் எழுதும் தமிழுக்கும் இடையில் பிள்ளை எங்கே இடறுகிறது, குறளின் பொருளை மனனம் செய்தவன் அதை வாழ்க்கைச் சூழலில் பொருத்திக் காட்டச் சொன்னால் ஏன் திகைக்கிறான் என்பனவெல்லாம் அந்த மூன்றாவது அறிவைச் சேர்ந்தவை. அது பொதுக் கல்வியியல் நூலில் கிடைக்காது. தமிழை வகுப்பில் பல்லாண்டு கற்பித்தவரிடமிருந்தே கைமாற வேண்டும்.

ஷூல்மன் வரைக்கும் போவானேன்? 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே ஆசிரியரின் இலக்கணத்தைப் பேசுகிறார். ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளில் ஒன்று பருத்திக் குண்டிகை. பஞ்சு அடைத்த குடுவையிலிருந்து பஞ்சை எளிதாக எடுக்க முடியாது. பிய்த்துப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். நம் பயிற்சி ஆசிரியர் பலரின் நிலை அதுவே. உள்ளே சரக்கு இருக்கிறது. வெளியே வர வழி தெரியவில்லை. அந்த வழியைக் காட்டுபவர் குடுவைக்குள் இருப்பது பஞ்சா, மணலா என்றாவது அறிந்திருக்க வேண்டாமா?

பகுதிநேரம் என்பதா குறை?

பகுதிநேரமாக இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. வகுப்பறையின் மணம் மாறாத ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து உதவுவது, வகுப்பறையை மறந்த ஒருவர் ஐந்து நாளும் இருப்பதைவிட நன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது.

பணிக்கடிதம் பருவம் தொடங்கிய பிறகு வருகிறது. பயிற்சி ஆசிரியர்களின் பெயர்ப்பட்டியல் முதல் வருகைக்குச் சில நாளுக்கு முன்னர் கிடைக்கிறது. பாடத்திட்டமிடும் கூட்டத்துக்கு அழைப்பில்லை. இறுதி மதிப்பீட்டுக் கூட்டத்தில் இருக்கை இல்லை. ஊதியம் வருகைக்கு இவ்வளவு என்ற கணக்கு. காலையில் ஒரு பள்ளி, நண்பகலில் வேறொரு பள்ளி என ஓடினால்தான் பயணச் செலவு கட்டும். அப்படி ஓடுபவருக்குச் சிற்றுண்டிச்சாலையில் 40 நிமிடம் அமர மனமிருக்கலாம், நேரம் இராது. தொழிற்சாலையில் பொருளைச் சோதித்து முத்திரை குத்துபவரின் வேலை இது. பயிற்றுநரின் வேலை அன்று.

"பணமில்லை" என்பார்கள். திட்டமிடல் நூல், பதிவேடு, சான்றுக்கோப்பு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தாள் என்று பயிற்சி ஆசிரியரின் நேரத்தைக் கோப்புகளில் கொட்டப் பணம் இருக்கிறது. அவற்றில் பாதியைக் குறைத்தாலே அமர்ந்து பேச நேரம் கிடைத்துவிடும்.

"ஓய்வுபெற்றவர்கள் பழைய முறையைத் திணிப்பார்கள்" என்பார்கள். நியாயமான அச்சம்தான். யு.பி.எஸ்.ஆர். 2021இலும், பி.தி.3 தேர்வு 2022இலும் கைவிடப்பட்டன. இன்றைய கலைத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் எங்கள் காலத்தவை அல்ல. ஆகவே, பயிற்றுநர்களுக்கும் ஆண்டுதோறும் பயிற்சி தாருங்கள்; வகுப்பில் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தகுதியில்லாதவரை நீக்குங்கள். ஆனால், பாடம் அறிந்தவர் பழையவராய் இருக்கக்கூடும் என்று அஞ்சி, பாடமே அறியாதவரை அமர்த்துவது எந்த ஊர் நியாயம்?

இழப்பு யாருக்கு?

2009ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். தேர்வில் 10 பாடங்கள் மட்டுமே எடுக்கலாம் என்ற வரம்பு அறிவிக்கப்பட்டபோது நாம் கொதித்தெழுந்தோம். தமிழும் தமிழிலக்கியமும் கைநழுவிப் போகும் என்று நாடெங்கும் குரல் எழுந்தது. பின்னர் 12 பாடங்கள் வரை எடுக்க வழி பிறந்தது. எண்ணிக்கைக்காகப் போராடிய அந்தச் சமூகம், அந்தப் பாடத்தைக் கற்பிப்பவர் எப்படி உருவாகிறார் என்று கேட்டதுண்டா?

15 பேர் என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். 17 பேர் இருக்கும் வகுப்பில் மூன்று பேர், "தமிழ் ரொம்பக் கஷ்டம், டீச்சர் சொல்வது புரியல" என்று விலகினால் எஞ்சுவோர் 14 பேர். அதன் பிறகு அந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பைக் கேட்கும் நம் உரிமையே ஆட்டங்காண்கிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் ஆறு ஆண்டுகள் அரும்பாடுபட்டு ஊட்டிய தமிழ், படிவம் ஒன்றில் ஆறே மாதத்தில் கசந்துபோவதற்கு மாணவனை மட்டும் பழிப்பது அறமாகாது.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: தமிழ் வகுப்பை மதிப்பிடுவோரில் ஒருவராவது தமிழ் கற்பித்தவராக இருக்க வேண்டும். பாடப்பொருளுக்கான புள்ளியை அவர் மட்டுமே இட வேண்டும்.

இரண்டு: சிறப்புப் பயிற்றுநரின் ஊதியக் கணக்கில் வகுப்புக்கு முந்தைய உரையாடலும் பிந்தைய உரையாடலும் இடம்பெற வேண்டும். மதிப்பெண் இடாத வருகைகளும் இருக்க வேண்டும். தேர்வாளரின் முன் எவரும் தம் ஐயத்தைக் கேட்க மாட்டார்கள்.

மூன்று: பருவம் தொடங்குமுன்பே பணிக்கடிதம் வர வேண்டும். ஒரே பயிற்சி ஆசிரியரைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பயிற்றுநர் கவனிக்க வேண்டும்.

நான்கு: பள்ளியிலுள்ள வழிகாட்டித் தமிழாசிரியருக்கு வாரம் இரண்டு பாடவேளையாவது குறைக்கப்பட வேண்டும். அக்கம்பக்கப் பள்ளிகளின் தமிழாசிரியர்களும் பயிற்சி ஆசிரியர்களும் மாதம் ஒருமுறை கூடிப் பேச வழிசெய்ய வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கட்டடம் வேண்டாம். புதிய சட்டமும் வேண்டாம். கேட்பார் இல்லாததால்தான் இதுவரை நடக்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கூரைக்கும் மின்விசிறிக்கும் குரல் கொடுக்கும் நாம், நம் பிள்ளைகளின் நாளைய தமிழாசிரியருக்காகவும் ஒருமுறை எழுந்து நின்று கேட்போம். தமிழ் தெரியாதவர் தமிழ் வகுப்புக்குப் புள்ளி போடும் வழக்கம் நம் காலத்தோடு முடியட்டும்.