நிறமும் நீதியும்

சங்கரன்கோவிலில் எழுந்தருளியுள்ள சங்கரநாராயணர் திருவுருவில் ஒரு பாதி சிவன். மறு பாதி திருமால். சிவனைச் செம்மேனியன் என்றும், திருமாலைப் பச்சை மேனியன் என்றும் போற்றுவது நம் முன்னோர் மரபு. செம்மையும் பசுமையும் ஓருருவில் இணைந்த அத்தோற்றத்தை நினைக்குந்தோறும், அவ்விரு நிறங்களையும் வேறு பிரித்துக் காண இயலாத கண்களும் உலகில் உள்ளனவே என்னும் எண்ணம் எனக்கு எழுவதுண்டு. அதற்குக் காரணம் உண்டு.

யான் தமிழாசிரியனாய் இருந்த காலத்தில், 'எங்கள் தோட்டம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு மாணவரைப் பணித்தேன். ஒரு மாணவன், செம்பருத்திப் பூக்கள் இலைகளுக்குள் மறைந்திருந்தன என்றும், அருகிற் சென்ற பின்னரே அவற்றைக் கண்டதாகவும் எழுதியிருந்தான். பச்சிலை நடுவே செம்பூ மறைவதும் உண்டோ என்று எண்ணிய யான், அவ்வரியை அடித்து, 'கண்டதை எழுதுக' என்று ஓரத்தில் குறித்தேன். ஆண்டுகள் பல கழிந்த பின், ஒரு வேலைக்குரிய கண் தேர்வில் தேறாமல் வாடிய முகத்தோடு அவன் என்னிடம் வந்தான். அன்றுதான் உண்மை விளங்கிற்று. அவன் கண்டதையே எழுதியிருந்தான். காணத் தவறியவன் யானே!

இக்குறை புதியதன்று. அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் என்னும் ஆங்கில அறிஞரே இக்குறை உடையவர். தம் பார்வை பிறர் பார்வையினின்று வேறுபடுவதை ஆராய்ந்து, 1794ஆம் ஆண்டில் அவர் அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். நம் விழித்திரையில் நிறம் உணரும் கூம்புச் செல்கள் மூவகைப்படும். அவற்றுள் ஒருவகை இல்லாதொழியினும், மாறுபட்டிருப்பினும் சில நிறங்கள் ஒன்றுபோல் தோன்றும். சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறியாக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. ஆதலின் பெண்டிரினும் ஆடவரிடமே மிகுதியாகக் காணப்படுகின்றது. ஐரோப்பிய ஆடவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேர் இக்குறை உடையோர்.

இதனைக் கண்டறிய, ஜப்பானிய மருத்துவர் இஷிகாரா 1917ஆம் ஆண்டில் புள்ளிப் படங்களை வெளியிட்டார். பல நிறப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைப் படித்தல் வேண்டும். குறை உண்டா, இல்லையா என்பதை அப்படங்கள் நன்கு காட்டும். ஆனால், குறையுடைய ஒருவர் இன்ன தொழிலைச் செய்ய வல்லவரா என்பதை அவை காட்டா. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள். முதல் வினாவின் விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்வதால், தகுதியுடையோரும் வாயிலில் தடுக்கப்படுகின்றனர்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இதனை உணர்ந்துள்ளது. புனேயில் உள்ள திரைப்படக் கல்வி நிறுவனத்தின் எல்லாப் படிப்புகளிலும் இக்குறையுடையோர்க்கு இடமளிக்க வேண்டும் என 2022இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு மின் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணி இக்காரணத்தால் மறுக்கப்பட்ட ஒருவர்க்கு, ஏற்றதோர் இடத்தில் பணி தருமாறு 2023இல் ஆணையிட்டது. ஆயினும், நீதிமன்றப் படியேறும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்க்குமோ?

இங்கேதான் 'மெய்நிகர்' என்னும் புதுக் கருவி துணை செய்யக்கூடும் என்பது என் கருத்து. முகமூடி போல் கண்களை மூடி அணியும் இக்கருவி, புறவொளியைத் தடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்சியைக் காட்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மின்பெட்டியின் பலநிறக் கம்பிகளையும், மூடுபனியில் எரியும் கைகாட்டி விளக்கையும் அதனுள் அமைக்கலாம். இடர் எதுவும் இன்றி, ஒருவரைத் தொழிற்களத்திலேயே நிறுத்தியதுபோல் சோதிக்கலாம்.

எனினும், கருவியைக் கண்மூடி நம்புதலும் தவறு. அதன் திரை எல்லா நிறங்களையும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கலந்தே ஆக்குகின்றது. திரைக்குத் திரை நிறம் மாறும். ஆதலின், நிறங்களை அளந்து சரிசெய்த கருவியும், மருத்துவர் ஆய்வும் இன்றி எவர் வாழ்வையும் முடிவு செய்தல் கூடாது.

"இரயில் ஓட்டுநர் செவ்விளக்கை அறியாவிடின் பல உயிர்க்குக் கேடன்றோ?" எனச் சிலர் வினவுவர். உண்மையே. பிறர் உயிரைக் காக்கும் தொழில்களில் கண்டிப்புத் தேவை. ஆனால், ஒரு தொழிலுக்குரிய கண்டிப்பை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தல் முறையன்று. அன்றியும், இச்சோதனை பள்ளிப் பருவத்திலேயே, பிறர் நகையாடா வண்ணம் தனியே நடைபெறல் வேண்டும். பல்லாண்டு பயின்று வேலை வாயிலை அடைந்த பின்னர் குறையை அறிவிப்பது கொடுமை. முன்னரே அறிந்தால் ஏற்ற வழியைத் தேர்ந்து கொள்ளலாம்.

மாணவர்களே! உங்கள் தோழன் ஒருவன் இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டினால் நகையாதீர்கள். அவன் கண்ட உலகை அவன் வாயால் கேளுங்கள். பிறர் எதனைக் காணார் என்று தேடுவதினும், அவர் எதனைச் செய்ய வல்லார் என்று காண்பதே உண்மையான பார்வை.