வசுபந்துவுக்கு ஆயர் அங்கி எதற்கு?

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்டு வந்த சிலை புத்தர் சிலையே என்ற தொல்லியல் துறை அறிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. கல்லில் ஏறிய பிழை திருந்தியது. சொல்லில் ஏறிய பிழை அப்படியே இருக்கிறது. பௌத்தம் என்று பேச்செடுத்தாலே, "உலகம் மனத்தின் தோற்றம் என்று ஐரோப்பியத் தத்துவவாதி பார்க்லி சொன்னதைப் பௌத்த ஆசிரியர் வசுபந்து அன்றே சொல்லிவிட்டார், இரண்டும் ஒரே கருத்துமுதல்வாதம்" என்று மேடையிலும் மலரிலும் ஒப்பித்துவிடுகிறார்கள். பௌத்தத்தை உயர்த்த வருபவர்களும் சரி, மட்டம் தட்ட வருபவர்களும் சரி, இந்த வாசகத்தில் கைகோத்துக்கொள்கிறார்கள்.

முந்திச் சொன்னவர் யார் என்ற பெருமைக்கும் தத்துவத்துக்கும் சம்பந்தமில்லை. இருவரும் புறப்பொருளை மறுத்தார்களே என்றால், மறுத்தார்கள். ஆனால் மறுத்த வழி வேறு. வசுபந்து 'விம்சதிகை'யில் அணுவைப் பிடிக்கிறார். ஓர் அணுவை ஆறு திசையிலும் ஆறு அணுக்கள் தொட்டால் அதற்கு ஆறு பக்கம் உண்டாகும், பக்கமுள்ளது பகுபடாததாக இருக்க முடியாது என்கிறார். 1710-இல் எழுதிய பார்க்லிக்கோ ஒரு கருத்துக்கு இன்னொரு கருத்தே ஒப்பாகும் என்பதுதான் ஆதாரம்.

உண்மையான பிளவு இதற்கு அப்பால் இருக்கிறது. மோகனூர்க் காவிரிக் கரையில் நூறு பேர் நிற்கிறார்கள். வெளியே ஆறு என்று ஒன்று இல்லையென்றால், நூறு பேருக்கும் ஒரே காவிரி தெரிவது எப்படி? இந்தக் கேள்வியில் பார்க்லி கடவுளை அழைக்கிறார். நம் புலன்களில் கருத்துகளைப் பதிப்பவர் அவர். யாரும் பாராதபோதும் உலகைத் தாங்குபவர் அவர். கடவுளை எடுத்துவிட்டால் பார்க்லியின் உலகமே நிற்காது. நாத்திகத்தை வீழ்த்தவே நூல் எழுதி, 1734-இல் அயர்லாந்தின் கிளாய்ன் நகர ஆயரானவர் அவர். வசுபந்து அந்த இடத்தில் வினையை வைக்கிறார். பசித்த பேய்கள் எல்லாம் தெளிந்த ஆற்றைச் சீழாகவே காண்பது, அவற்றின் வினை ஒரே விதமாக முதிர்ந்ததால் என்பது அவர் காட்டும் சான்று. மேலிருந்து பதிப்பவர் எவரும் இல்லை. அவர் பெயரிலுள்ள அபிதர்மகோச உரை, உலகுக்கு ஒரே காரணன் கடவுள் என்றால் எல்லாம் ஒரே கணத்தில் தோன்றியிருக்க வேண்டுமே என்று கேட்டு அவரை நீக்கியே விடுகிறது. வசுபந்து சொல்லும் ஆலயவிஞ்ஞானம் என்ற அடிநிலை உணர்வு கடவுளுக்கு மறுபெயர்தானே என்று சிலர் மடக்குவார்கள். கடவுள் எல்லோருக்கும் ஒருவர். ஆலயவிஞ்ஞானமோ அவரவர் வினைவித்துகளைச் சுமந்து, கணந்தோறும் மாறி, வெள்ளம்போல ஓடும் தனித்தனி ஓட்டம். அதைவிட முக்கியம், அருகத நிலையில் அது அற்றுப்போகிறது என்று வசுபந்துவின் 'திரிம்சிகை' சொல்கிறது. அற்றுப்போகிற ஒன்றைக் கடவுள் என்று எந்த ஆயர் ஒப்புவார்?

ஆன்மாவிலும் இதே கதைதான். காண்பவனைப் பார்க்லி நிலையான ஆவியாகக் காப்பாற்றுகிறார். வசுபந்துவின் யோகாசாரப் பள்ளி காணப்படுவதோடு காண்பவனையும் சேர்த்தே கற்பிதம் என்கிறது. 'எல்லாம் மனமே' என்ற முழக்கத்தில் இந்தப் பாதி காணாமல் போகிறது. பிறகு எப்படி இரண்டும் ஒன்றாயின? 1909-இல் வந்த நூலில் லெனின் பார்க்லியைக் கருத்துமுதல்வாதத்தின் மூலவடிவாக நிறுத்தினார். ஐரோப்பியச் சண்டைக்காக அடித்த அந்தப் பெட்டி தமிழுக்கு வந்தபோது, வசுபந்துவையும் அளவு பார்க்காமல் அதற்குள் திணித்துவிட்டோம். யோகாசார மரபில் வந்த திக்நாகரும் தர்மபாலரும் காஞ்சி வட்டாரத்துக்காரர்கள் என்பது மரபு. மணிமேகலையில் தருக்கத்துக்கென்றே ஒரு காதை இருக்கிறது. சொந்த மண்ணில் வளர்ந்த வாதத்தை ஐரோப்பியப் பெயர் சூட்டித்தான் அறிமுகம் செய்ய வேண்டுமா?

விம்சதிகை என்றால் இருபது. உள்ளவை இருபத்திரண்டு செய்யுள்கள். பெரியேரிப் புத்தரைக் காட்டிப் பேச வருகிறவர்கள் அவற்றை ஒருமுறையாவது படித்துவிட்டு வரட்டும்.