எச்சரிக்கை லயத்து வாசலுக்கு வர வேண்டும்

2025 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த டித்வா சூறாவளியில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்தது நமது கண்டி மாவட்டம்தான். இங்கு மட்டும் 200க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் உயிரைக் குடித்தது காற்றல்ல, சரிந்து வந்த மண்.

அந்த நாட்களில் எச்சரிக்கையே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிவித்தல்களை வெளியிட்டுக்கொண்டுதான் இருந்தது. அவை இணையத்திலும் கிடந்தன. ஆனால் இணையத்தில் கிடப்பது வேறு, லயத்தில் படுத்திருப்பவருக்குத் தெரிவது வேறு. இந்த இடைவெளியை மூடாமல் அடுத்த மழைக்காலத்தை நாம் சந்திக்கக் கூடாது.

முதலில், என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். மண்சரிவு எச்சரிக்கையைக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமும், மழை, காற்று பற்றிய அறிவித்தலை வளிமண்டலவியல் திணைக்களமும், ஆற்று வெள்ளம் பற்றியதை நீர்ப்பாசனத் திணைக்களமும் வெளியிடுகின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையம் இவற்றை மக்களிடம் கொண்டுசேர்க்க வேண்டும். நான்குக்கும் இணையத்தளம் உண்டு. இணையம் இல்லாதவர்கள் 117ஐ அழைக்கலாம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று படிகள். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் மூட்டை கட்டித் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் இடத்தைக் காலி செய்யுங்கள். இதற்கு மழைக் கணக்கு ஒன்று உண்டு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் முதல் படி, 100 தாண்டினால் இரண்டாம் படி, 150 தாண்டினால் மூன்றாம் படி. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் மூன்றாம் படிதான். நம் பெரியவர்கள் இன்னும் இஞ்சியில்தான் மழையைச் சொல்வார்கள். அவர்கள் கணக்கில் இது மூன்று இஞ்சி, நான்கு இஞ்சி, ஆறு இஞ்சி.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள எந்த இணையமும் தேவையில்லை. தோட்டத்து அலுவலகத்தில் நெடுங்காலமாகவே மழை அளந்து கொப்பியில் எழுதுகிறார்கள். அது கொழுந்துக்காக எழுதப்படும் கணக்கு. அதையே உயிருக்காகவும் படிக்கலாம். லயத்திலும் அளக்கலாம். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமான பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் கழுத்தை வெட்டி, வெட்டிய துண்டைப் புனலாகக் கவிழ்த்து, கூரையும் மரமும் இல்லாத வெளியில் வையுங்கள். அடி தட்டையாக இல்லாவிட்டால் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அங்கே கோடு போட்டு, கோட்டிலிருந்து அளவுகோலால் அளக்கலாம். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள்.

மழைக் கணக்கு எட்டாவிட்டாலும் மலை சொல்லும் அடையாளங்கள் உண்டு. நிலத்தில் புது வெடிப்பு, நேற்றுவரை நேராக நின்ற மரம் சாய்வது, சுவர் பிளப்பது, கதவு திடீரென இறுகுவது, புதிய இடத்தில் ஊற்று கிளம்புவது, பீலித் தண்ணீர் சேறாவது அல்லது சட்டென நிற்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எந்த நிறத்துக்கும் காத்திருக்கக் கூடாது. பிள்ளைகளோடு வெளியேறிவிட்டுத்தான் 117க்குச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எச்சரிக்கை ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை? மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று மொழி. டித்வா நாட்களில் தமிழில் உரிய நேரத்தில் அறிவித்தல் வரவில்லை என்ற முறைப்பாடு மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் எழுந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. சிங்களத்தில் மாலையிலும் தமிழில் மறுநாளும் வருகிற எச்சரிக்கை, நமக்கு எச்சரிக்கை அல்ல, செய்தி.

இரண்டு பெயர். அறிவித்தல் பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வருகிறது: தொழுவ, தெல்தோட்டை, பன்வில, உடுதும்பர, கங்க இஹல கோரளை என்று. நம்மில் பலருக்குத் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் தெரியும், தாம் எந்தச் செயலகப் பிரிவில் இருக்கிறோம் என்பது தெரியாது. தன் ஊர்ப் பெயரையே அடையாளம் காணாதவர், தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று எப்படி அறிவார்?

மூன்று மின்சாரம். சூறாவளியின்போது மலையகத்தின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழந்தன. ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இணையம் இருக்காது என்று எண்ணித்தான் நாம் தயாராக வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த மாதத்துக்குள் சில வேலைகளை முடிக்க வேண்டும். பிரட்டுக்களத்துச் சுவரில் பிரதேச செயலகப் பிரிவு, கிராம சேவகர் பிரிவு, 117 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். லயத்துக்கு இருவரை நியமியுங்கள். ஒருவர் கைத்தொலைபேசி பார்க்கத் தெரிந்த இளையவர், மற்றவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னால் மறுக்க முடியாத ஒரு தாய். வட்ஸ்அப்பில் வரும் அறிவித்தலில் திகதியையும், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதையும் பார்த்த பின்பே பகிருங்கள். பழைய படமும் பொய்ச் செய்தியும் மழையைவிட வேகமாக ஓடுகின்றன. இரவில் தொலைபேசி இல்லாவிட்டால் கோயில் மணியோ தப்போ போதும். எத்தனை அடி அடித்தால் வெளியேற வேண்டும் என்பதை இப்போதே பேசி வையுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். பத்திரம், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில் கதவோரம் தொங்கட்டும்.

இவை நம் கையில் உள்ளவை. நம் கையில் இல்லாதவற்றைக் கேட்டுப் பெற வேண்டும்.

அரசிடம் கேட்கிறோம்: சிங்களத்தில் வெளிவரும் அதே நிமிடத்தில் தமிழிலும் எச்சரிக்கை வரட்டும். செயலகப் பிரிவோடு தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் அதில் இருக்கட்டும். தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கிறோம்: அன்றாட மழைக் கணக்கைப் பிரட்டில் வாசியுங்கள். அடைபட்ட கான்களை மழைக்கு முன் வெட்டுங்கள். வடிய வழியில்லாத தண்ணீர்தான் மலைக்குள் இறங்கி மண்ணைத் தளர்த்துகிறது. சிவப்பு எச்சரிக்கை நாளில் யாரையும் மலைக்கு அனுப்பக் கூடாது, அன்றைய பேரை வெட்டவும் கூடாது. ஒரு நாள் சம்பளம் போனால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருப்பவரிடம் "ஏன் வெளியேறவில்லை" என்று கேட்பது நியாயமல்ல.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காணி. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்டதால் பிழைத்த பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்து நின்றார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் மக்களுக்கு அறிவித்திருந்ததாக அரசுத் தரப்பு அப்போது கூறியது. அறிவித்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். போவதற்கு இடம் எங்கே இருந்தது? தலைமுறை தலைமுறையாகத் தேயிலை நட்ட மக்களுக்கு லயத்தை விட்டால் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை.

எனவே ஆபத்தான சரிவில் உள்ள ஒவ்வொரு லயத்தையும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்வையிட்டு, அறிக்கையைத் தமிழில் குடும்பங்களின் கையில் தர வேண்டும். அந்தக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில், உறுதியோடு காணி வேண்டும். பார்வையிடக் கோரும் கடிதத்தைக் கமிட்டித் தலைவர்கள் இந்த மாதமே கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு அனுப்பி, அதன் பிரதியைச் சங்கத்துக்குத் தாருங்கள். எல்லாத் தோட்டத்துக் கடிதங்களையும் ஒன்றாகக் கொண்டுபோய் மாவட்டச் செயலகத்தின் மேசையில் வைப்போம்.