நீர்புகா உடையின் உழைப்பும் சௌகரியமும்

மலையோடைகளில் மீன்களை ஆராய்வோரும், டிரவுட் மீன் பண்ணைகளில் பணிபுரிவோரும், தூண்டில் வீசுவோரும் இடுப்பளவு நீரில் நெடுநேரம் நிற்க வேண்டியவர்கள். வானவில் டிரவுட் மீன் செழித்து வளர 10 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வரை வெப்பமுள்ள நீர் ஏற்றது. காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் இம்மீனிலிருந்து முட்டைகளைப் பிழிந்தெடுக்கும் பருவமோ குளிர்காலமாகும். அப்பொழுது நீர் இதனினும் குளிர்ந்திருக்கும். காற்றைக் காட்டிலும் நீர் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆகவே, மேனாட்டார் 'வேடர்ஸ்' என வழங்கும் மார்பளவு நீர்புகா உடை, இத்தகையோருக்கு ஆடம்பரப் பொருளன்று. உடல்நலத்தைக் காக்கும் கருவியாகும். எவ்வகை உடையை எவருக்கு வாங்குவது என்னும் கேள்வியை விலைப்பட்டியலைக் கொண்டு மட்டும் தீர்த்துவிடல் தகாது.

துணியையும் ரப்பரையும் இணைத்து நீர்புகா ஆடை செய்யும் முறைக்கு 1823-இல் சார்லஸ் மக்கின்டாஷ் காப்புரிமை பெற்றார். 1930-இல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர் உருவாக்கப்பெற்றது. பிற்காலத்தில் அதன் நுரைத்தகட்டினால் உடைகள் தைக்கப்பெற்றன. நுரையினுள் அடைபட்ட வாயு, குளிரைத் தடுக்க வல்லதாயிற்று. எனினும் இவ்விரு வகைக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. வெளிநீர் உட்புகாதது போலவே, உள்வியர்வையும் வெளியேறுவதில்லை. வலையும் வாளியும் சுமந்து கரைமேட்டில் ஏறி இறங்குபவர் அரை நாளில் உள்ளே முற்றிலும் நனைந்துவிடுகிறார். உடையில் துளை விழுந்துவிட்டதென அவர் எண்ணுகிறார். உண்மையில் அது அவருடைய வியர்வையே.

இக்குறையை நீக்கியது ஒரு மெல்லிய சவ்வு. டெஃப்லான் என்னும் பெயரால் பலரும் அறிந்த பொருளை 1938-இல் ராய் பிளங்கெட் கண்டறிந்தார். சூடேற்றிய அப்பொருளை விரைந்து இழுத்தால் எண்ணற்ற நுண்துளைகள் கொண்டதாக அது விரிகின்றது என்பதை 1969-இல் ராபர்ட் கோர் கண்டார். 1976 முதல் அச்சவ்வு ஒட்டிய துணி விற்பனைக்கு வந்தது. நீர்த்துளி நுழைய முடியாத அத்துளைகளின் வழியே நீராவி எளிதில் செல்லும். நீராவியை வெளியே தள்ளுவது, உட்புறத்திற்கும் வெளிப்புறத்திற்கும் இடையே நிலவும் ஆவியழுத்த வேறுபாடாகும். 35 டிகிரி வெப்பமுள்ள தோலருகே ஆவியழுத்தம் மிகுதி. 10 டிகிரிக் குளிரில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

ஆயினும் 'மூச்சுவிடும் உடை' என்னும் விளம்பரச் சொல்லை அப்படியே நம்புதல் பிழை. குளிர்நீரில் மூழ்கிய பகுதியில் துணியும் நீரின் வெப்பநிலைக்கே இறங்கிவிடும்; ஆதலால் நீராவியின் ஒரு பகுதி உட்பரப்பிலேயே நீராகப் படியும். இவ்வுடையின் முழுப்பயன் நீர்மட்டத்திற்கு மேலும், கரையில் நடக்கும்போதுமே விளங்கும். மேலும் இத்துணி மெல்லியது. குளிரைத் தானாகத் தடுப்பதில்லை. அதனுள்ளே கம்பளியோ, அதனை ஒத்த செயற்கையிழை ஆடையோ அணிதல் வேண்டும். பருத்தியாடை வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்துவிடும், அது உதவாது.

இனி உழைப்பைக் கருதுவோம். மெல்லிய உடை விரைவில் கிழியும், கனத்த ரப்பர் நெடுநாள் உழைக்கும் என்பது பொதுவான அபிப்பிராயம். இது பாதி உண்மையே. முட்செடியும் கம்பிவேலியும் மெல்லிய துணியைத் துளைப்பது மெய்தான். ஆனால் ரப்பரும் வெயிலாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் கெட்டு, மடித்து வைத்த இடங்களில் வெடிக்கின்றது. எந்த வகையாயினும் முதலில் கெடுவது துணியன்று. கால்கள் கூடுமிடத்துத் தையலும், முழங்காலும், காலுறைப் பகுதியுமே. ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்குதான். கூழாங்கல்லின் மீது முழந்தாளிடும்போதோ அதனினும் பன்மடங்கு அழுத்தம் ஒரு சிறு இடத்தில் விழுகின்றது. செருப்பினுள் புகுந்த மணல் காலுறையை அரைத்துவிடுகிறது. ஆகவே, முழங்காலில் இரட்டைத் துணியும், மணல் புகாத கணுக்கால் உறையும் உடையின் ஆயுளை நீட்டிக்கும்.

விற்பனையாளர் தரும் எண்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவியைக் கடத்தும் என்று அவர்கள் கூறுவர். இதை அளக்கும் முறைகள் பல; ஒரே துணி ஒரு முறையில் பெறும் எண் வேறு, மற்றொரு முறையில் பெறும் எண் வேறு. சோதனை முறையைக் கூறாத எண்ணுக்குப் பொருளில்லை. கொள்முதல் செய்யும் அலுவலகங்கள் எண்ணோடு சோதனை முறையின் பெயரையும் கேட்டல் வேண்டும்.

பராமரிப்பின்றி எவ்வுடையும் உழைக்காது. எண்ணெய்ப் பசையும் அழுக்கும் படிந்த துணியில் ஆவி கடக்கும் ஆற்றல் குன்றும். மென்மையான சோப்பினால் கழுவி, இருபுறமும் நிழலில் உலர்த்துதல் நன்று. டெஃப்லான் வகைச் சவ்வுள்ள உடையை உட்புறம் வெளியாகத் திருப்பி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால், துளையுள்ள இடம் கரும்புள்ளியாகத் தோன்றும். அவ்விடத்தில் சிறிது யூரித்தேன் பசையைத் தடவினால் உடை மீண்டும் பயன்படும். தீப்பற்றும் திரவமாதலால் இதனைக் காற்றோட்டமான இடத்திலேயே செய்ய வேண்டும். எவ்வகை உடையாயினும் இடுப்புப் பட்டை இன்றியமையாதது. வழுக்கி விழுந்தால் உள்ளே புகும் நீரை அது பெரிதும் தடுக்கும்.

இன்னொரு கவலையும் உண்டு. நீர் ஒட்டாதிருக்கத் துணியின் மேற்பூச்சில் சேர்க்கப்பெற்று வந்த சில புளூரின் சேர்மங்கள் ஆற்றிலும் மண்ணிலும் சிதையாமல் தங்குபவை. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இவ்வகைப் பொருள்களுள் ஒன்று 2009-இலும், மற்றொன்று 2019-இலும், பிறிதொன்று 2022-இலும் சேர்க்கப்பெற்றன. ஆற்று மீனைக் காக்கப் பணிபுரிவோரின் உடையே ஆற்றுக்கு நஞ்சாதல் முறையன்று. புளூரினற்ற பூச்சும் சவ்வும் இன்று கிடைக்கின்றன. அவற்றிற்கே முன்னுரிமை அளித்தல் தக்கது.

ஆகவே, முடிவு இதுவாகும்: ஓடையோரம் நெடுந்தூரம் நடந்து ஆய்வு செய்வோருக்கு ஆவி கடத்தும் உடையே ஏற்றது. பண்ணைத் தொட்டியில் அசையாது நின்று குளிர்காலத்தில் வேலை செய்வோருக்கு நியோப்ரீனே நலம். இருவருக்கும் ஒரே உடையை, மிகக் குறைந்த விலைப்புள்ளி என்னும் ஒரே காரணத்தால் வாங்குவது சிக்கனமாகாது. அணிய முடியாத உடை சுவரில் தொங்கும். தொழிலாளி வெறுங்காலுடன் நீரில் இறங்குவார். வாங்கிய நாள், பழுதுபார்த்த நாள், கழித்த நாள் ஆகியவற்றை ஒவ்வோர் உடைக்கும் குறித்து வைத்தால், எது உண்மையில் உழைக்கின்றது என்பது சில ஆண்டுகளில் புலப்படும். அடுத்த கொள்முதல் அக்குறிப்பேட்டைக் கொண்டு நடைபெறுமாயின், அரசின் பணமும் தொழிலாளியின் உடல்நலமும் ஒருங்கே காக்கப்பெறும்.