ஆளுக்கொரு பை

கோடை விடுமுறை என்றாலே குழந்தைகளுக்குக் கால் தரையில் பாவாது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்த சந்தோஷம். நமக்கோ, கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே தலைக்குள் ஒரு பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். இட்லி மாவு மிச்சம் இருக்கக் கூடாது, பால்காரரிடம் சொல்ல வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும், சின்னவனின் ஷூ போன வருஷமே பிடித்தது... சரி, ரயில் ஏறின பிறகாவது ஓயுமா? "அம்மா, சீப்பு எங்கே?", "இந்தாம்மா, என் கண்ணாடிக் கூடு எந்தப் பையில் இருக்கு?" என்று தொடங்கிவிடும். ஊர்தான் மாறுகிறது. நம் உத்தியோகம் மாறுவதில்லை!

பெட்டி கட்டுவதில் கெட்டிக்காரி என்றால் நாலு பெட்டிச் சாமானை ஒரு பெட்டியில் அடைப்பவள் என்று ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. நாம் பக்கத்தில் இல்லாவிட்டாலும், நம்மைக் கேட்காமல், வீட்டில் யார் வேண்டுமானாலும் கை விட்டு எடுக்கும்படி கட்டினால்தான் அது நல்ல மூட்டை. எங்கள் வீட்டில் சில வருஷங்களாக ஆளுக்கொரு பைதான். 2025 மே மாதம் ஊட்டிக்குப் போனோம். நான், இவர், அத்தை, ஒன்பதாவது படித்த பெண், நாலாவது படித்த பையன் என்று ஐந்து பேர். ஐந்து பை. மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பை. பெரிய சூட்கேஸ் பரணை விட்டு இறங்கவே இல்லை.

பை கட்டும் முன் டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரிலிருந்து ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாள் இருந்தது. மே மாதப் பயணத்துக்கு மார்ச்சில், பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கும்போதே நாம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று ஓர் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த டிக்கெட்டில் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அத்தைக்கு நடுப் படுக்கை வந்து நிற்கும். அத்தையும் நானுமாக ஒரு டிக்கெட், மற்ற மூவருக்கும் ஒரு டிக்கெட் என்று போட்டோம். (45 வயதானதில் எனக்கு லாபம் என்று கண்டது இது ஒன்றுதான்.)

இனி பைக்கு வருகிறேன். அவரவர் பையை அவரவரே தூக்க வேண்டும். இதுதான் முதல் சட்டம். நாலாம் வகுப்புப் பையன் பள்ளிக்கூடப் பையைத் தூக்குகிறானே, இதைத் தூக்க மாட்டானா? கட்டிலின் மேல் துணிகளை எடுத்துப் போட்டு, எண்ணி, அவனையே அடுக்கச் சொன்னேன். மடிப்பு கோணல்மாணலாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாம் மறுபடி பிரித்து அழகாக மடித்து வைத்தோமோ, "ஜட்டி எங்கே?" என்ற கேள்வி நம்மிடம்தான் வரும். அடுக்கினவனுக்குத் தெரியும் எது எங்கே என்று. பெண் தன் பையில் நாப்கினும், சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளும் தானே வைத்துக்கொண்டாள். தேதி தள்ளி இருந்தாலும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அலைச்சலில் முன்பின் ஆவது உண்டு.

ஊட்டிக்குத் துணி வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சென்னையில் வியர்த்துக் கொட்டும் ராத்திரியில் ரயில் ஏறுகிறோம். விடிந்தால் மேட்டுப்பாளையம். அங்கே வரை வெயில் ஊர்தான். அங்கிருந்து மலை ஏறி, மத்தியானத்துக்குள் கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கு வந்துவிடுகிறோம். அதனால் ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைத்துப் பயனில்லை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். மே மாதம்தானே என்று அலட்சியம் வேண்டாம். பகலில் இதமாக இருந்தாலும் ராத்திரி 10, 12 டிகிரிக்கு இறங்கும். கனமான ஒரே கோட்டைவிட உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று அடுக்காகப் போட்டால் வெயில் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். துவைத்த துணி அங்கே சட்டென்று உலராது. உள்ளாடையும் காலுறையும் இரண்டு செட் கூடுதலாக இருக்கட்டும். பட்டுப் புடவை எதற்கு? எனக்கு நாலு நாளைக்கு மூன்று புடவை போதுமானதாக இருந்தது.

மலை ரயிலில் போகிறவர்களுக்கு இந்தச் சின்னப் பைகளின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் போல ஆகிறது. பெட்டிகள் குட்டி குட்டியாக இருக்கும். பெரிய சூட்கேஸை வைத்தால் கால் வைக்க இடம் இராது. பெட்டிக்குள் கழிவறையும் கிடையாது. குன்னூர் மாதிரி ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதுதான் போய்வர வேண்டும். குழந்தைகளையும் சர்க்கரைக்காரர்களையும் மேட்டுப்பாளையத்திலேயே ஒரு தடவை போகச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். மேலே ஏற ஏறக் காது அடைக்கும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துச் சப்பச் சொன்னால் போதும். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் சரியாகிவிடும்.

அடுத்தது மருந்துப் பை. எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் யோசித்து யோசித்துக் கட்டினேன்.

அத்தைக்கு வயது எழுபது தாண்டிவிட்டது. காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் போட வேண்டும். கண் பார்வை மங்கியதால் வீட்டில் நான்தான் போட்டு விடுவேன். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் முன்னாலேயே இவரையும் பெண்ணையும் உட்கார வைத்து, பேனாவில் யூனிட்டை எப்படித் திருப்புவது, எங்கே குத்துவது என்று கற்றுக் கொடுத்தேன். "நீதான் கூட வரயே, எனக்கு எதுக்கு?" என்றார் இவர். "எதுக்கும் இருக்கட்டும்" என்று சொல்லி, மூன்று நாள் அவரையே போட வைத்தேன். டாக்டர் சொன்ன அளவு, நேரம், ஊசி போட்டு எத்தனை நிமிஷத்தில் சாப்பிட வேண்டும் என்பதை ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி மருந்துப் பையின் உள்பக்கம் சேஃப்டி பின்னால் குத்தினேன். மருந்துச் சீட்டின் நகல் ஒன்று பையில், இன்னொன்று இவர் பர்சில். உபரியாக ஒரு பேனாவும் ஊசிகளும் மருந்துப் பையில் வைக்காமல் என் பையில் வைத்தேன். ஒரு பை தொலைந்தாலும் மருந்து தொலையக் கூடாது பாருங்கள்.

இன்சுலினைச் சூட்டிலும் விடக் கூடாது, உறையவும் விடக் கூடாது. உபயோகத்தில் இருக்கும் பேனா பொதுவாக நாலு வாரம் வரை வெளியில் இருக்கலாம். ஆனால் வெளியில் என்றால் 30 டிகிரிக்குள். எத்தனை நாள் என்று அட்டைப் பெட்டியிலும் போட்டிருக்கும். வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்தால் போச்சு. பிரிக்காததை வாயகன்ற பிளாஸ்கில் வைத்துக் கொண்டுபோனோம். ஐஸை ஒரு துணியில் சுற்றி வைக்க வேண்டும், இன்சுலின் மேல் நேராகப் படக் கூடாது. விமானத்தில் போகிறவர்கள் கையோடுதான் எடுத்துப் போக வேண்டும். அடியில் சாமான்களோடு போட்டால் உறைந்துபோக இடம் உண்டு.

இன்னொரு விஷயம், சாப்பாட்டு நேரம். எங்கள் ரயில் சென்ட்ரலில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில். ரயிலில் ஏறிச் சாப்பிடலாம் என்று எண்ணி வீட்டில் ஊசியைப் போட்டுவிட்டு, வழியில் டாக்சி மாட்டிக்கொண்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். அத்தையை வீட்டிலேயே சாப்பிட வைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனோம். சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் பார்த்து, சரியாகாவிட்டால் இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று அத்தையின் இடுப்புச் சுருக்குப் பையிலும் இருந்தது.

ஊட்டியில் இரண்டாம் நாள் ராத்திரி எனக்குக் குளிர் ஜுரம். உடம்பு தூக்கிப் போட்டது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அத்தைக்கு ஊசி போடுகிற நேரம் அது. அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பெண் காகிதத்தைப் படிக்கிறாள், இவர் யூனிட்டைத் திருப்புகிறார், "சாப்பாடு வந்தாச்சாப்பா? வந்தப்புறம் போடலாம்" என்று அவள் அதிகாரம் பண்ணுகிறாள். அப்புறம் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, தெர்மாமீட்டர் வைத்து, பாராசிட்டமால் கொடுத்தாள். யாரும் என்னை எழுப்பி எது எங்கே என்று கேட்கவில்லை. மறுநாள் அவர்கள் தாவரவியல் பூங்காவுக்குப் போய்விட்டு வந்தார்கள். அத்தை எனக்குத் துணையாக இருந்தார்கள். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டு பழைய கதை பேசினோம். நிஜத்தைச் சொன்னால், அந்தப் பயணத்தில் நான் காலை நீட்டி உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் மருந்துப் பையில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து கட்டாயம் வையுங்கள். மலைப்பாதை வாந்தியிலும் வேற்று ஊர்த் தண்ணீரிலும் குழந்தை வாடிவிடும். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும், சின்னது 200 மில்லிக்கு. பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகக் கரைப்பது தப்பு. பொட்டலம் இல்லாத இடத்தில் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் அட்டை டப்பாவில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டு விற்ற இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. அவை அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு உணவு வேண்டாம், தண்ணீர்கூட; டாக்டர் சொன்னால் இந்தக் கரைசலும் மருந்தும் கொடுக்கலாம். ஜுர மருந்துப் பாட்டில் மேலே குழந்தையின் எடையையும் டாக்டர் சொன்ன அளவையும் எழுதி ஒட்டுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மருந்தின் வீரியம் மாறும்.

பஸ்ஸிலோ காரிலோ மலை ஏறுகிறவர்கள் பிள்ளைகளை வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள், பூரிக் கிழங்கை அடைத்தும் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். செல்போனைக் குனிந்து பார்த்தால் குமட்டல் நிச்சயம். வாந்தி மாத்திரை கொடுப்பதானால் டாக்டரைக் கேட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் கொடுத்து என்ன பிரயோஜனம்? வெளியூர் வண்டிகளுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. காரில் போகிறவர்கள் கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அந்த மலையில் தடை உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டிலைப் பையின் பக்கவாட்டில் செருகிவிட்டால் கவலை இல்லை.

வழிச் சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ராத்திரிக்குத் தயிர்சாதம், பாலை நிறைய விட்டுப் பிசைந்து தயிரைக் கொஞ்சமாகச் சேர்த்தது. காலைக்கு மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வாட்டிய வாழையிலையில். தேங்காய் பக்கமே போகவில்லை. பொட்டலத்தைக்கூட ஆளுக்கொன்றாகக் கட்டி அவரவர் கையில் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வருகிற நாளுக்கும் கிளம்பும்போதே ஏற்பாடு செய்வது என் வழக்கம். ஒவ்வொரு பையிலும் ஒரு பழைய தலையணை உறை வைத்திருந்தேன், அழுக்குத் துணிக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் உறையோடு அவரவரே கொண்டுபோய் வாஷிங் மெஷின் பக்கத்தில் போட வேண்டும். கிளம்புகிற அன்றே வற்றல் குழம்பைச் சுண்டக் காய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். அரிசியை அளந்து குக்கர் பக்கத்தில் டப்பாவில் வைத்திருந்தேன். வந்து இறங்கின அன்று இவர் குழம்பைக் கொதிக்க வைத்து, சாதம் வைத்தார். பெண் அப்பளம் சுட்டாள். இரண்டு கருகிவிட்டன. சாப்பிட்டோம்.