கோயில் பாட்டு காதல் பாட்டான கதை

'கடல்' படம் 2013 பிப்ரவரி 1-ம் தேதி வெளியானது. மணிரத்னம் இயக்கம், ஜெயமோகன் எழுத்து, ராஜீவ் மேனன் கேமரா. பெரிய எதிர்பார்ப்போடு வந்த படம், வந்த வேகத்தில் தியேட்டரை விட்டுப் போனது. விநியோகஸ்தர்கள் நஷ்டக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால், ஏ.ஆர்.ரஹ்மானின் பாட்டுகள் மட்டும் கரையிலேயே தங்கிவிட்டன. அதில் ஒன்று 'அடியே'.

எழுதியவர் மதன் கார்க்கி. பாடியவர் சித் ஸ்ரீராம். இன்றைக்கு அவரைத் தெரியாத காதுகள் குறைவு. அன்றைக்கு அவர் 22 வயதுப் புதுமுகம். சினிமாவில் அதுதான் முதல் பாட்டு. சென்னையில் பிறந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். வீட்டில் அம்மாவிடம் கர்னாடக சங்கீதம். பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படிப்பு. இந்த இரண்டும் ஒரே தொண்டையில் இருந்ததுதான் பாட்டின் பலம்.

பாட்டை ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முன்னணிக் குரல் உருகுகிறது. பின்னால் கூட்டுக்குரல்கள் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. அவசரப்படாத தாளம். ஒரே எழுத்து பல சுரங்களுக்கு இழுபடுகிறது. 'அடியே' என்ற சொல்லின் கடைசி நெடில் அதற்கு வாகாக அமைந்துவிட்டது. நம் காதுக்கு அது பிருகா. அமெரிக்கக் காதுக்கு அது காஸ்பல்.

காஸ்பல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலய இசை. ஒருவர் கூப்பிடுவார், சபை பதில் சொல்லும். 1930-களில் சிகாகோவில் அதற்கு இன்றைய வடிவம் கொடுத்த தாமஸ் டார்சி, அதற்கு முன்பு ப்ளூஸ் பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தவர். கேளிக்கை விடுதிப் பாட்டு அவர் வழியாகக் கோயிலுக்குள் போனது. 1954-ல் ரே சார்லஸ் அதைத் திருப்பிவிட்டார். ஒரு காஸ்பல் பாட்டின் அச்சில் காதல் வரிகளைப் போட்டு, 'ஐ காட் எ உமன்' என்று பாடினார். 'ஆண்டவருக்கான இசையைப் பெண்ணுக்குப் பாடுவதா?' என்று பக்தர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் சோல் இசை அந்தத் துணிச்சலில்தான் வேர்விட்டது. ராக் பாடகர்களும் அதைப் பின்தொடர்ந்தார்கள்.

'கடல்' படத்துக்கு இந்த இசை ஏன் பொருந்தியது? கதை நடப்பது கோயிலைச் சுற்றியே வாழும் ஒரு கடலோரக் கிராமத்தில். திக்கற்று வளர்ந்த தாமஸுக்கும், கன்னியாஸ்திரிகளிடம் வளர்ந்த பியாட்ரிஸுக்கும் காதல். அந்தக் காதல்தான் அவனைக் கழுவிக் கரையேற்றுகிறது. அதே படத்தில் ஹரிசரண் பாடிய 'அன்பின் வாசலே' நேரடியான ஜெபப் பாட்டு. ஒன்று ஆண்டவரைக் கூப்பிடுகிறது, இன்னொன்று காதலியைக் கூப்பிடுகிறது. உருக்கம் ஒன்றுதான்.

படப்பிடிப்பு நடந்த இடங்களில் ஒன்று மணப்பாடு. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கும் ஊர். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1542-ல் சவேரியார் வந்த முத்துக்குளித்துறை இது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கோயில் பாட்டுக்கு நெல்லைச் சீமையில் என்ன பஞ்சம்? அமெரிக்காவிலிருந்து ஏன் இறக்குமதி?

பஞ்சமே இல்லை. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் கர்னாடக ராகங்களில் கட்டிய கீர்த்தனைகளை இன்றும் சபைகள் பாடுகின்றன. அவர் 'பெத்லகேம் குறவஞ்சி'யும் எழுதினார். குறவஞ்சி என்பது அடிப்படையில் காதல் நாடகம். தாமிரபரணியில் வந்து சேரும் சிற்றாறு பிறக்கும் குற்றாலத்தில், குற்றாலநாதர் மேல் வசந்தவல்லி கொண்ட மையலைத் திரிகூடராசப்பக் கவிராயர் அந்த வடிவத்தில்தான் பாடினார். அதை எடுத்துத்தான் சாஸ்திரியார் கிறிஸ்துவைப் பாடினார். இன்னும் பின்னால் போனால் ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் தன்னைப் பராங்குச நாயகியாக்கிக்கொண்டு, பெருமாளை நினைத்து ஏங்கும் பெண்ணாகப் பாடிய ஊர்.

ஆக, காதல் மொழியைக் கடவுளுக்குக் கொடுப்பது இந்த ஆற்றங்கரையின் ஆயிரம் வருஷத்துக்கும் மேலான பழக்கம். 'அடியே' செய்தது அதன் மறுபாதி: கடவுளுக்குரிய குரலைக் காதலுக்குக் கொடுத்தது.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தக் கரையின் சொந்தக் கீர்த்தனைகளுக்கு 'அடியே'வில் ஒரு மூலைகூட இல்லை. 'கடல்' பாட்டைத் தேடிக் கேட்ட எத்தனையோ பேருக்குச் சாஸ்திரியாரின் பெயர் தெரியாது. அந்த ராகங்களையும் ஒரு கிட்டாரோடும் கூட்டுக்குரலோடும் சேர்த்துப் பெரிய மேடைக்குக் கொண்டுபோக யாராவது வந்தால், தயங்க வேண்டியதில்லை. கோயிலுக்கும் காதலுக்கும் நடுவே இசை போய்வரும் பாதை இந்தச் சீமையில் எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது.

தெலுங்கில் 'கடலி'க்காகவும் அந்தப் பாட்டைச் சித் ஸ்ரீராமே பாடினார். இன்று அவர் கச்சேரியில் 'அடியே' தொடங்கினால், மீதியை மைதானமே பாடிவிடுகிறது. ஒருவர் கூப்பிட, கூட்டம் பதில் சொல்கிறது. காஸ்பலின் இலக்கணமும் அதுதானே!