துண்டு மடிக்கவா படித்தேன்?

நோயாளியின் மேல் கை வைக்காதே என்கிறார்கள் என்னிடம். என்னிடம்! கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்டாக, பக்கவாதம் வந்து படுத்தவர்களைப் புரட்டி, உட்காரவைத்து, கம்பியைப் பிடித்து நிற்கவைத்து, ஓரடி ஈரடியாக நடக்கவைத்த கை இது. இன்று நியூ ஜெர்சியில் ஒரு கிளினிக்கில் இந்தக் கை துண்டு மடிக்கிறது. சிகிச்சைக் கட்டிலைத் துடைக்கிறது. ஹாட் பேக்கைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சுற்றிக் கொடுக்கிறது. நெஞ்சில் ‘எய்ட்’, அதாவது உதவியாள், என்று ஒரு பேட்ஜ். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு வந்த பாட்டி காலை மடக்க முடியாமல் பல்லைக் கடிக்கிறார். எங்கே இறுகியிருக்கிறது, சில்லை எந்தப் பக்கம் நகர்த்தினால் இளகும் என்று எனக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? லைசன்ஸ் இல்லாதவள் வாயைத் திறக்கக் கூடாது.

லைசன்ஸே வேண்டாம் என்றா சொல்கிறேன்? அடுத்தவர் உடம்பில் கை வைக்கிற தொழில். தேர்வு வைக்கத்தான் வேண்டும். பிசியோதெரபிஸ்டுகளுக்கு என்.பி.டி.இ. என்ற லைசன்ஸ் தேர்வு இருக்கிறது. 225 கேள்விகள். 200-இலிருந்து 800 வரை போகும் அளவில் 600 வாங்கினால் தேர்ச்சி. ஆயுளுக்கே ஆறு முறைதான் எழுதலாம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் அதே கேள்வி, அதே 600. வையுங்கள், எழுதுகிறேன். தோற்றால் என் விதி என்று துண்டு மடித்துக்கொண்டு கிடக்கிறேன். அந்தத் தேர்வு நாற்காலியில் உட்காரவே விடமாட்டேன் என்கிறார்களே, அதற்குத்தான் வயிறு எரிகிறது.

உட்காருவதற்கு முன்னால் நான் படித்த படிப்பை எடை போட வேண்டுமாம். நாலு வருஷ வகுப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப், எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்று எல்லாவற்றையும் அமெரிக்க கிரெடிட்டாக மாற்றிக் காட்ட வேண்டும். மார்க் ஷீட்டை நான் அனுப்பினால் செல்லாது. கல்லூரியே கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டி, சீல் வைத்து நேராக அனுப்ப வேண்டும். நான் வாங்கிய மார்க்கை நானே தொட்டால் தீட்டு!

கல்லூரி அனுப்பியதா? பணம் கட்டியதும் ரசீது வந்தது. கவர் வரவில்லை. மூட்டு வலியோடு அம்மா இரண்டு பஸ் மாறிப் போய் ஆபீஸ் வாசலில் நின்றார். “சார் லீவு.” “அந்த கிளார்க் மாறிட்டாரும்மா.” “பழைய சிலபஸ் ஃபைல் கிடைக்கல, அடுத்த வாரம் வாங்க.” அடுத்த வாரம் போனால் முதல்வர் இன்ஸ்பெக்‌ஷனில் இருப்பார். கடைசியில் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்த கவரில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்ததாம். மறுபடியும் முதலிலிருந்து. நான் படிக்கும்போது ஒரு நாள் ஃபீஸ் தாமதமானால் ஃபைன் போட்டார்களே, இந்தத் தாமதத்துக்கு யார் எனக்கு ஃபைன் கட்டுவது?

இந்த இடைவெளியில் என் ஆங்கிலம் காலாவதியாகிவிட்டது. ஆமாம், காலாவதி. பி.பி.டி. என்ற பிசியோதெரபிப் பட்டப்படிப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுதியவள்தான் நான். ஆனாலும் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, 45 வினாடிக்குள் மூச்சுத் திணறப் பேசி மார்க் வாங்கினேன். அந்த மார்க்குக்கு ஆயுள் இரண்டு வருஷம். கவர் தூங்கிய தூக்கத்தில் அதன் உயிர் போய்விட்டது. திரும்பப் பணம், திரும்ப மைக்.

அடுத்த இடி, பொதுக்கல்வி கிரெடிட் போதாதாம். இங்கே கல்லூரியில் இலக்கியம், சமூகவியல் எல்லாம் படித்துவிட்டுத்தான் தொழிற்படிப்புக்குப் போகிறார்கள். நம் ஊரில் பிளஸ் டூ முடித்து நேராக உடற்கூறு வகுப்பில் போய் உட்கார்கிறோம். பள்ளியில் படித்த மொழியும் வரலாறும் இவர்கள் கணக்கில் வராது. ஆகவே பாடம் பாடமாகப் பணம் கட்டி, கல்லூரி கிரெடிட் தரும் ‘கிளெப்’ தேர்வுகள் எழுது என்கிறார்கள். இவர்கள் இலக்கியத்தில் நான் பாஸானால்தான் அந்தப் பாட்டியின் முழங்கால் மடங்குமா?

“உங்கள் நாட்டில் உங்களைப் பதிவு செய்த அமைப்பின் கடிதம் எங்கே?” என்று கேட்டார்கள். இதற்கு நான் எங்கே போவேன்? மகாராஷ்டிரத்துக்கும் டெல்லிக்கும் தனி கவுன்சில் இருந்தது. நாடு முழுமைக்கும் 2007-இல் மக்களவைக்கு ஒரு மசோதா வந்தது; சட்டமாகாமலே செத்தது. மத்தியச் சட்டம் என்று ஒன்று வர 2021 ஆயிற்று. அதற்கு முன் படித்து முடித்தவர்கள் அநாதைகளா? டாக்டருக்கும் நர்சுக்கும் கவுன்சில் வைக்கத் தெரிந்த தேசத்துக்கு, அவர்கள் பிழைக்கவைத்த மனிதரை எழுப்பி நடக்கவைக்கிற நாங்கள் கண்ணில் படவே இல்லையே!

எங்கள் மேல் சந்தேகம் வேறு. 2010 ஜூலையில் இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நான்கு நாடுகளில் படித்தவர்கள் எவரும் என்.பி.டி.இ. தேர்வை எழுதக் கூடாது என்று மொத்தமாக நிறுத்தினார்கள். கேள்விகள் கசிந்தனவாம். கசியவிட்டவரைப் பிடி, தண்டி, யார் வேண்டாம் என்றது? இரவு பகலாக நேர்மையாகப் படித்த பிள்ளை என்ன பாவம் செய்தாள்? மறு வருஷம் அந்த நான்கு நாட்டுக்காரர்களுக்கு மட்டும் தனித் தேர்வு வைத்தார்கள். பிறகு அதையும் கைவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேரின் விசாவும் வேலையும் கையைவிட்டுப் போயிருக்கும்! பட்டம் எந்த நாட்டினது என்று பார்த்தே ஒருவரைத் திருடர் பட்டியலில் சேர்ப்பதற்கு நியாயம் என்று பெயரா?

இதே அமெரிக்காவின் தொழிலாளர் துறை, ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்கள் என்று ‘ஷெட்யூல் ஏ’ பட்டியல் வைத்திருக்கிறது. நர்சுகளோடு பிசியோதெரபிஸ்டுகளும் அதில் இருக்கிறார்கள். ஆள் இல்லை என்று ஒரு கை எழுதுகிறது. வந்து நிற்கிற ஆளை இன்னொரு கை தள்ளுகிறது. 2016 முதல் இங்கே புதிதாகப் படித்து வருகிறவர்கள் எல்லாருக்கும் முனைவர் நிலைப் பட்டம்; என் இளநிலைப் பட்டம் அதற்கு ஈடா என்று உரசிப் பார்க்கிறார்கள். அதற்கு முன் இளநிலைப் பட்டத்தோடு லைசன்ஸ் வாங்கிய இந்த ஊர் சீனியர்கள் இன்றும் சிகிச்சை செய்கிறார்கள். அவர்கள் அனுபவம் அனுபவம். என் அனுபவம் மட்டும் குப்பையா?

“அதான் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே, சும்மா இருந்தால் என்ன?” என்கிறார்கள் உறவுக்காரர்கள். கணவரைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வந்தவள்தான். அவர் கிரீன் கார்டு வரிசையில் நிற்பதால்தான் இந்த எய்ட் வேலை செய்யவே எனக்கு அனுமதி. ஆனால் நகையை அடகு வைத்து அப்பா படிக்கவைத்தது நான் சும்மா இருப்பதற்கா?

உங்களிடம் சலுகை கேட்கவில்லை. மதிப்பிடுகிறவர்களே, ஏதேனும் குறைந்தால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். நாலு மாதத்துக்கு ஒன்றாகச் சொல்லாதீர்கள். ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கும்போது இன்னொரு காகிதத்தைச் சாகடிக்காதீர்கள். டெல்லியில் இருப்பவர்களே, சட்டம் போட்டாயிற்று. பழைய மாணவர்களையும் பதிவு செய்து, கேட்கிற நாட்டுக்குக் கடிதம் அனுப்புங்கள். என் கல்லூரியே, ‘எங்கள் மாணவர்கள் அமெரிக்காவில்’ என்று அட்மிஷன் நேரத்தில் ஊரெல்லாம் ஃப்ளெக்ஸ் வைக்கிறாயே, என் படத்தை அதில் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்தைப் போடு!